கராச்சிக்குப் போன படகும் கராச்சியிலிருந்து வந்த படகும்

மும்பைக்கும் கராச்சிக்கும் நடுவே ஏறக்குறைய 500 கடல் மைல் தண்ணீர். அந்தத் தண்ணீரின் மேல் நடந்த இரண்டு பயணங்கள் நம் கடற்காவலின் போக்கையே மாற்றின. 1971 டிசம்பர் 4 இரவு, பாகிஸ்தானுடனான போரில், இந்தியக் கடற்படையின் மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கி, துறைமுகத்துக்கு வெளியே காவல் நின்ற கப்பல்களை மூழ்கடித்துவிட்டுத் திரும்பின. 2008 நவம்பர் 26 இரவு, கராச்சியிலிருந்து புறப்பட்ட பத்துப் பயங்கரவாதிகள் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்றில் வந்து மும்பையில் கரையிறங்கினார்கள். முதல் பயணத்தை ஆண்டுதோறும் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். இரண்டாவது பயணத்தின் நாளில் மெழுகுவத்தி ஏற்றி அஞ்சலி செலுத்துகிறோம்.

இரண்டு இரவுகளிலும் பெரிய ஊர் ஒன்று சிறிய படகிடம் தோற்றது. வருவது யார் என்று தெரியாததால் தோற்றது. அன்று சிறிய வேகப்படகின் பலமெல்லாம் தன்னை மறைத்துக்கொள்வதில் இருந்தது. இன்று அதே வகைப் படகுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை, கடலில் இருப்பவர் யார் என்று அறிவது. இந்த ஐம்பது ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருக்கிறது, ஆயுதம் மாறியிருக்கிறது, இரும்பு போய் அலுமினியம் வந்திருக்கிறது. அவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வேலை மாறியதுதான். புதிய வேலையைப் படகு தனியாகச் செய்து முடிக்க முடியாது என்பதை நாம் இன்னும் முழுதாக உணரவில்லை.

துறைமுகக் காவலுக்கு வாங்கியவை

சோவியத் ஒன்றியத்திடம் இந்தியா வாங்கிய எட்டு ‘ஓசா’ வகைப் படகுகள் 1971இன் தொடக்க மாதங்களில் வந்து சேர்ந்தன. நீளம் 40 மீட்டருக்கும் குறைவு. எடை 200 டன்னை ஒட்டி. மூன்று டீசல் எஞ்சின்களும் முழு மூச்சில் ஓடினால் மணிக்கு 35 கடல் மைலுக்கு மேல், அதாவது 65 கிலோமீட்டருக்கு மேல் போகும். முதுகில் நான்கு கூண்டுகள், கூண்டுக்கு ஒரு ‘ஸ்டிக்ஸ்’ ஏவுகணை. இந்த ஏவுகணையின் வலிமையை உலகம் 1967 அக்டோபர் 21 அன்று பார்த்திருந்தது. எகிப்தின் ‘கோமார்’ படகுகள், ஓசாவைவிடவும் சிறியவை, போர்ட் செய்த் துறைமுகத்தை ஒட்டி நின்றபடியே இஸ்ரேலின் எய்லாட் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. ஏவுகணையால் ஒரு போர்க்கப்பலை இன்னொரு கலம் மூழ்கடித்தது அதுவே முதல்முறை. பெரிய கப்பல் வைத்திருப்பவரே கடலை ஆள்வார் என்ற நம்பிக்கை அன்று ஆட்டம்கண்டது.

நம் நாட்டில் இவற்றைத் துறைமுகத்தின் வாசலைக் காக்கத்தான் வாங்கினார்கள். எண்ணெய்த் தொட்டி சிறியது. மேல்தளம் தண்ணீரை ஒட்டியே இருக்கும். கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் அலை ஏறி வரும். நெடுந்தூரம் போய்ச் சண்டையிடும் படகு என்று யாரும் இதைக் கருதவில்லை. அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கிரேன் இல்லாத குறை. இவ்வளவு எடையை இறக்கும் வசதி அப்போது பம்பாயில் இல்லாததால், கப்பலில் ஏற்றிவந்த படகுகளைக் கல்கத்தாவில் இறக்கினார்கள். அங்கிருந்து தீபகற்பத்தைச் சுற்றி, பெரிய கப்பல்களின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்தே பம்பாய் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இழுத்துக்கொண்டு வர முடியுமென்றால் இழுத்துக்கொண்டு போகவும் முடியுமே என்ற யோசனை கடற்படைக்குள் வலுத்தது. அப்போதைய கடற்படைத் தலைமைத் தளபதி எஸ்.எம். நந்தா, கராச்சித் துறைமுகத்தின் முகப்பில் உள்ள மனோராவில் வளர்ந்தவர். எந்தத் துறைமுகத்தைத் தாக்கத் திட்டமிட்டாரோ, அதன் கரையும் கால்வாயும் இளவயதிலிருந்தே அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 4 அன்று நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று படகுகள், துணைக்குக் கில்தான், கச்சல் என்ற இரண்டு கப்பல்கள், எண்ணெய் நிரப்ப போஷக் என்ற கப்பல் எனக் குழு கிளம்பியது. படகுப் பிரிவின் தளபதி பப்ருபான் யாதவ் நிபாத்தில் இருந்தார். பகல் முழுவதும் பாகிஸ்தான் விமானங்களின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் காத்திருந்தார்கள். இருட்டியதும் வடக்கே விரைந்தார்கள். படகோட்டிகள் சோவியத் நாட்டில் மாதக்கணக்கில் பயிற்சி பெற்று ரஷ்ய மொழி பழகியவர்கள். அன்றிரவு வானொலியில் ரஷ்ய மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். யாராவது ஒட்டுக்கேட்டாலும் பேசுவது யார் என்று புரியக் கூடாது.

நிர்காத் முதல் ஏவுகணையை விட்டது. இலக்கு, கைபர் என்ற பாகிஸ்தானிய நாசகாரி. இருட்டில் பாய்ந்து வந்த அந்த ஒளியைக் கைபரில் இருந்தவர்கள் விமானம் என்றே நினைத்தார்கள். வானத்தை நோக்கிப் பீரங்கியைத் திருப்பிச் சுட்டார்கள். விமானத் தாக்குதல் என்றே தலைமையகத்துக்கும் செய்தி அனுப்பினார்கள். இரண்டாவது ஏவுகணையும் வந்து தாக்க, கைபர் இருநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலை வீர் மூழ்கடித்தது. நிபாத்தின் ஏவுகணைகள் வெடிமருந்து ஏற்றிவந்த சரக்குக் கப்பலையும் கேமாரியின் எண்ணெய்த் தொட்டிகளையும் தாக்கின. இந்தியத் தரப்பில் உயிரிழப்பு இல்லை. டிசம்பர் 8 இரவு வினாஷ் என்ற இன்னொரு படகு போய்த் தன் நான்கு ஏவுகணைகளையும் செலுத்தியது. கேமாரியில் எண்ணெய்த் தொட்டிகள் மறுபடி பற்றி எரிந்தன.

கண்ணுக்குப் படாமல் நெருங்கியது, குரலைக் கேட்டாலும் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டது, தாக்கிய பிறகும் தாக்கியது யார் என்று எதிரி அறியாதபடி இருந்தது: வெற்றியின் ஒவ்வொரு படியிலும் மறைவுதான் ஆயுதம்.

ரூப்சா ஆற்றில் நடந்தது

அதே போரில், அதே வாரத்தில், நாட்டின் மறுபக்கத்தில் நடந்த ஒன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. வங்கதேச விடுதலைப் போராளிகளுக்காகக் கல்கத்தாத் துறைமுகத்தின் இரண்டு படகுகளைப் பீரங்கிப் படகுகளாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பத்மா, பலாஷ் என்று பெயர். டிசம்பர் 10 அன்று இவ்விரண்டும், இந்தியக் கடற்படையின் பன்வேல் என்ற ரோந்துப் படகோடு சேர்ந்து, குல்னா நகரை நோக்கி ஆற்றில் மேலேறிப் போய்க்கொண்டிருந்தன. நம் விமானங்கள் தவறாகத் தாக்கிவிடக் கூடாது என்று, மேலிருந்து தெரியும்படி மஞ்சள் அடையாளம் இட்டிருந்தார்கள். அப்படியும் இந்திய விமானப்படையின் விமானங்கள் அவற்றை எதிரிப் படகுகள் என்று எண்ணிக் குண்டுவீசின. பத்மாவும் பலாஷும் மூழ்கின. பன்வேல் தப்பியது.

பலாஷின் எஞ்சின் அறையில் இருந்தவர் ருஹுல் அமீன். எரியும் படகைக் காப்பாற்றக் கடைசிவரை முயன்று, படுகாயத்தோடு கரை சேர்ந்தவரை எதிரிகளின் கூட்டாளிகள் பிடித்துக் கொன்றார்கள். வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருதான ‘வீர் சிரேஷ்ட்டோ’ பெற்ற ஏழு பேரில் அவரும் ஒருவர். கராச்சியில் எதிரியின் குழப்பம் நமக்கு வெற்றியாயிற்று. ரூப்சாவில் அதே குழப்பம் நம்மவர் உயிரை எடுத்தது. பார்ப்பவருக்கு யார் என்று தெரியாதபோது மஞ்சள் சாயம்கூட உதவாது. கடற்காவலைப் பற்றி யோசிப்பவர்கள் கராச்சியோடு சேர்த்து இந்தப் பாடத்தையும் படித்தாக வேண்டும்.

பாம்பன், புலிகாட்

போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே கடலில் வேறொரு வேலை காத்திருந்தது. 1970களில் தங்கமும் துணியும் கைக்கடிகாரமும் கடல் வழியே கள்ளத்தனமாக வந்து குவிந்தன. மேற்குக் கரையில் வளைகுடாவிலிருந்து, நம் பாக் நீரிணையில் இலங்கையிலிருந்து. சுங்கத்துறையின் படகுகளைக் கடத்தல்காரர்களின் படகுகள் எளிதாக முந்தின. போர்க்கப்பலை அனுப்பிக் கடத்தலைத் தடுப்பது பொருத்தமாக இல்லை. கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையிலான குழு தனிப்படை ஒன்று வேண்டும் என்றது. 1977 பிப்ரவரி 1 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை பிறந்தது. மறுவருடம் அதற்கெனச் சட்டம் வந்தது.

தொடக்கத்தில் அதன் சொத்து கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும்தான். அந்த ஐந்தின் பெயர்கள் பாம்பன், புலிகாட், பூரி, பனாஜி, பன்வேல். நம் கடலோர ஊர்கள் இரண்டின் பெயர், பாம்பனும் பழவேற்காடும், அதில் இருக்கிறது. ரூப்சாவில் தப்பிய பன்வேலும் இருக்கிறது. போருக்குப் போன படகு காவலுக்கு மாறிய கதைக்கு அந்த ஒரு பெயரே போதும்.

தமிழகக் கடலுக்கு அடுத்த இருபது ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை. இலங்கையில் போர் மூண்டபின், பாக் நீரிணையின் மறுகரை வேகப்படகுகள் ஒன்றையொன்று வேட்டையாடும் களமாயிற்று. இலங்கைக் கடற்படையின் ‘டுவோரா’ படகுகளும் கடற்புலிகளின் படகுகளும் மோதிய அதே கடலில்தான் நம் மீனவர் வலை விரித்தார்கள். 1990இல் இந்தியக் கடற்படை ‘ஆபரேஷன் தாஷா’ என்ற பெயரில் அங்கே தொடர் ரோந்தைத் தொடங்கியது. 1994இல் தமிழகக் காவல்துறையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் உருவானது. மேற்குக் கரையிலோ, 1993இல் மும்பையைக் குலுக்கிய குண்டுகளுக்கான வெடிமருந்து ராய்கட் மாவட்டக் கடற்கரையில் இறங்கியிருந்தது. 2005இல் மத்திய அரசு கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, மாநிலக் காவல்துறைகளுக்கு 204 படகுகளை அளிக்க ஏற்பாடு செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் 2008 நடந்தது. பத்துப் பேரும் நடுக்கடலில் போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றினார்கள். அதில் இருந்தவர்களைக் கொன்றார்கள். சாரங்கை மட்டும் மும்பையை நெருங்கும்வரை உயிரோடு வைத்துப் படகை ஓட்டவைத்து, பிறகு அவரையும் கொன்றார்கள். நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் போய்வரும் கடலில் இந்திய எண்ணோடு வந்த இந்தியப் படகை யார் சந்தேகப்படுவார்? கடைசித் தூரத்தை ரப்பர் படகில் கடந்து, பத்வார் பார்க் அருகே மீனவர் குடியிருப்பில் இறங்கினார்கள். அங்கே இருந்தவர்கள் புதிய முகங்களைக் கவனித்தார்கள். நீங்கள் யார் என்றும் கேட்டார்கள். அன்றிரவு கடல்வழி முழுவதிலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மீனவர்கள் மட்டுமே. அந்தக் கேள்வியை அதே நிமிடத்தில் காவலரிடம் கொண்டுசேர்க்க ஒரு வழி இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இன்றைய படகு

2009 பிப்ரவரியில் பொறுப்புகள் புதிதாகப் பிரிக்கப்பட்டன. கரையிலிருந்து 12 கடல் மைல்வரை மாநிலக் கடலோரப் போலீஸ், அதற்கு அப்பால் கடலோரக் காவல்படை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்படை. துறைமுகங்களையும் கடற்படைத் தளங்களையும் காக்க ‘சாகர் பிரஹரி பல்’ என்ற பிரிவை 1,000 பேரோடும் 80 வேகப்படகுகளோடும் கடற்படை உருவாக்கியது. அந்த 80 படகுகளும் இலங்கையில் கட்டப்பட்டவை.

கடலோரக் காவல்படைக்கு எல் அண்ட் டி நிறுவனம் 54 இடைமறிப்புப் படகுகளைக் கட்டித் தந்தது. நீளம் 28 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உடல் அலுமினியம், வேகம் மணிக்கு 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர். 1971இன் ஓசாவைவிட இது குட்டை, எடை பாதி, வேகம் கூடுதல். ஆயுதமோ ஒரு துப்பாக்கி, அவ்வளவே. மூழ்கடிப்பதற்காக இது கட்டப்படவில்லை. துரத்திப் பிடித்து, பக்கத்தில் அணைந்து நின்று, பேசுவதற்காகக் கட்டப்பட்டது.

அதற்கேற்றபடி எஞ்சினும் மாறியிருக்கிறது. பழைய படகின் அடியில் விசிறி சுழலும். ஆழம் குறைந்தால் தரை தட்டும், வலை கிடந்தால் சுற்றிக்கொள்ளும். புதிய படகில் விசிறி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அடிப்பக்கத் துவாரம் வழியே தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியே பீய்ச்சித் தள்ளுகிறது. சுக்கான் கிடையாது, குழாயின் வாயைத் திருப்பினால் படகு திரும்பும். குழாயின் முன்னால் ஒரு மூடியை இறக்கினால் நீர் எதிர்ப்புறம் பாய்ந்து, விரைந்துவரும் படகு குறைந்த தூரத்திலேயே நின்றுவிடும். மணல் திட்டும் பவளப்பாறையும் நிறைந்த, ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் இது பெரிய உதவி. அதற்கும் எட்டாத மணல் திட்டுகளுக்கு மண்டபத்தில் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறது; தண்ணீரிலும் மணலிலும் ஒருசேர ஓடும் அந்த ஊர்தியின் இரைச்சல் இராமேசுவரம், தனுஷ்கோடிக்காரர்களுக்குப் பழக்கமானது.

படகின் பின்னால் இன்று ஒரு வலைப்பின்னலும் இருக்கிறது. முதல் கட்டத்தில் 46 இடங்களில் கடலோர ரேடார்கள் நிறுவப்பட்டன. அவை பார்ப்பதெல்லாம் குருகிராமில் 2014 நவம்பரில் திறக்கப்பட்ட மையத்தில் ஒரே திரையில் சேர்கிறது. 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கலங்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் தாமே அறிவிக்கும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். கரையில் மீனவருக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை. மாநிலத்துக்கு ஒரு நிறத்தில் படகுக்குச் சாயம். கடலுக்குப் போகும் முன் மீன்வளத்துறையின் டோக்கன். ஆண்டுக்கு இருமுறை ‘சாகர் கவாச்’ ஒத்திகை. போலீசாரே ஊடுருவுபவர்களாக வேடமிட்டு வர, அவர்களைப் பிடிக்கிறார்களா என்று பார்க்கும் பயிற்சி. 1093 என்ற எண்ணில் கடலோரப் போலீஸ், 1554 என்ற எண்ணில் கடலோரக் காவல்படை. 2008இல் மீனவர் கேட்ட கேள்வியைக் காவலரிடம் சேர்ப்பதற்கான வழி இப்போது இருக்கிறது.

அணைந்து நிற்கும் நேரம்

ஆனால் ரேடார் திரையில் புள்ளிதான் தெரியும். அந்தப் புள்ளி யார் என்று தெரிய ஒரு படகு நேரில் போக வேண்டும். இன்றைய காவலின் உண்மையான வேலை நடப்பது, அப்படி நேரில் போய் நிற்கும் பதினைந்து நிமிடங்களில்தான்.

ரோந்துப் படகு தெரிந்ததும் விசைப்படகின் சாரங்கு எஞ்சினைக் குறைக்கிறார். ரோந்துப் படகும் வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அதே வேகத்தில் நெருங்கினால் அது எழுப்பும் அலை சிறிய வள்ளத்தைக் கவிழ்த்துவிடும். விசைப்படகின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்களில் ரோந்துப் படகு மெல்ல உரசி நிற்கிறது. “எத்தனை பேரு?” “ஏழு பேரு சார்.” “எப்பக் கெளம்புனீங்க?” “காலையில டோக்கன் போட்டுக் கெளம்புனோம் சார்.” பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைத்த அட்டைகளும் படகின் பதிவுச் சான்றும் கைமாறுகின்றன. டோக்கனில் ஏழு என்றால் படகிலும் ஏழு தலை இருக்க வேண்டும். அட்டையைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியவை வேறு. வலை நனைந்திருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா? ஐஸ் அறையில் மீன் இருக்கிறதா? பாடு இல்லை என்று சொல்கிற படகு ஏன் தண்ணீரில் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது? கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை எது, இன்றைக்குத்தான் கடலுக்கு வந்த கை எது? இதெல்லாம் கடலோடு வளர்ந்தவருக்கு ஒரே பார்வையில் தெரியும். வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும்.

கேட்கும் மொழி புரியவில்லை என்றால் இந்தப் பதினைந்து நிமிடம் ஆபத்தான நேரமாகிவிடும். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் ஓர் இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலர்கள் மீன்பிடிப் படகைக் கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அது அந்நியக் கப்பல். 2022 அக்டோபர் 21 அன்று பாக் விரிகுடாவில் நம் கடற்படையின் ரோந்துக் கப்பலே ஒரு தமிழகப் படகை நோக்கிச் சுட்டது. ஒரு மீனவர் படுகாயமடைந்தார். சந்தேகத்துக்கிடமான படகு, எச்சரிக்கை செய்தும் நிற்கவில்லை என்று கடற்படை விளக்கம் தந்தது. இலங்கைக் கடற்படையின் வேகப்படகுகளுக்கு அஞ்சியே பல ஆண்டுகளாகப் பிழைத்துவரும் மீனவர், இருட்டில் விரைந்துவரும் ஒரு கலத்தைக் கண்டால் நிற்பாரா, ஓடுவாரா? ஓடுவதைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் முன் அந்தப் பயத்தின் வரலாற்றைக் காவலர் அறிந்திருக்க வேண்டும். ரூப்சா ஆற்றின் பாடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நமக்குத் தேவைப்படுகிறது.

அடையாளம் அறிவது பிடிப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. குமரிக் கரையின் ஊர்கள் தெருவில் இறங்கி அழுதன. அந்தத் தேடலின்போது கேரளக் கரையில் கடற்படை மீனவர்களையே தன் கப்பல்களில் ஏற்றிக்கொண்டது. எந்தப் பருவத்தில், எந்த நீரோட்டத்தில், எந்தப் படகு எங்கே இழுத்துப் போகப்பட்டிருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. 20 மீட்டருக்கும் குறைவான படகுகளுக்காக இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி இப்போது இலவசமாகப் பொருத்தப்படுகிறது; ஒரு லட்சம் படகுகளுக்கான திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்டில் பால்கரில் தொடங்கிவைத்தார். புயல் எச்சரிக்கை அதில் வரும். ஆபத்தென்றால் பொத்தானை அமுக்கலாம். எல்லைக்கோட்டை நெருங்கினால் தெரிந்துகொள்ளலாம். காவலர் மீனவரைக் கண்காணிக்கும் கருவி என்று அதை அறிமுகப்படுத்தினால் மூலையில் அணைந்து கிடக்கும். உன் உயிரைக் காக்கும் கருவி என்று புரியவைத்தால் எரிந்துகொண்டிருக்கும்.

ஆளில்லாமல் வரும் படகு

இப்போது கதை இன்னொரு திருப்பத்தில் நிற்கிறது. 2024 பிப்ரவரி 1 அன்று கிரிமியாவின் கரையோரம், ரஷ்யக் கடற்படையின் இவானோவெட்ஸ் என்ற ஏவுகணைக் கப்பலை உக்ரைனின் ‘மகுரா’ படகுகள் மூழ்கடித்தன. மகுராவின் நீளம் ஐந்தரை மீட்டர்தான், நம் ஊர் ஃபைபர் படகைவிடக் குட்டை. ஓட்ட ஆளில்லை, வெடிமருந்தைச் சுமந்துகொண்டு தொலைவிலிருந்து இயக்கப்பட்டு ஓடிவந்து மோதும். இவானோவெட்ஸ் ‘டரன்டுல்’ வகைக் கப்பல். 1971இல் கராச்சி போன வீர், நிபாத், நிர்காத் ஆகியவற்றின் பெயர்களை இந்தியக் கடற்படை பிற்பாடு அதே டரன்டுல் வகைக் கப்பல்களுக்குத்தான் சூட்டியது. பெரிய கப்பலை வீழ்த்திய சிறிய படகின் வாரிசே இன்று தன்னைவிடச் சிறிய, ஆளற்ற படகிடம் வீழ்கிறது.

நம் நாட்டிலும் ஆளில்லாப் படகுகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் ‘மாதங்கி’ என்ற தானியங்கிப் படகின் மும்பை – தூத்துக்குடிப் பயணம், ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர், தொடங்கிவைக்கப்பட்டது. களைப்பில்லாமல் இரவு பகலாக ரோந்து சுற்ற இவை உதவும். ஆபத்தான இடத்துக்கு மனிதரை அனுப்பாமல் பார்த்துக்கொள்ளலாம். இவற்றை வரவேற்கிறேன். ஆனால் விளக்கில்லாமல் வலை விரித்து நிற்கும் நாட்டுப்படகையும் கேடு நினைத்து வரும் படகையும் பிரித்தறியும் பொறுப்பு எப்போதும் ஒரு மனிதரிடமே இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற விமானிகளின் கண்களே 1971இல் ஏமாந்தன. கேமராவின் கண் ஏமாறாது என்று எந்த அடிப்படையில் நம்புவது?

செய்ய வேண்டியது

வேகம் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. கடலோரப் போலீசுக்குக் கொடுத்த படகுகள் எரிபொருளும் படகுத்துறையும் பயிற்சி பெற்ற ஓட்டுநரும் இல்லாமல் கட்டிக் கிடந்ததைத் தணிக்கை அறிக்கைகள் பல மாநிலங்களைப் பற்றிச் சொல்லியிருக்கின்றன. புதிய படகு வாங்கும் நாளில் புகைப்படம் எடுக்கிறோம். அது ஆண்டுக்கு எத்தனை மணிநேரம் கடலில் ஓடியது என்று கேட்பதில்லை. அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

தமிழகக் கடலில் ரோந்து போகும் ஒவ்வொரு கலத்திலும், மத்தியப் படையாக இருந்தாலும், மீனவர் பேசும் தமிழைத் தடையின்றிப் பேசுகிற ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தோம் என்பது, கேட்டவருக்குப் புரிந்த மொழியில் கொடுத்திருந்தால்தான் எச்சரிக்கை. கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர மீனவ இளைஞர்களுக்குத் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நடத்தும் பயிற்சி வகுப்புகள் மிக நல்ல முயற்சி. அவற்றை ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் பெருக்கி, தேர்ச்சி பெற்றவர்களில் பலரையாவது தம் கடலிலேயே பணியமர்த்த வேண்டும். 1,076 கிலோமீட்டர் நீளமான நம் கரையில் நாள்தோறும் கடலுக்குப் போகிற மீனவரைப்போல அந்தக் கடலை அறிந்தவர் வேறு யாரும் இல்லை. எந்தப் படகு எந்த ஊருடையது, யாருடைய எஞ்சின் எப்படிச் சத்தமிடும், எந்த இடத்தில் இந்த மாதம் யாரும் வலை போடமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களின் அன்றாட அறிவு.

மும்பையில் அன்றிரவு சரியான கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள்தான். ஆகவே மீனவரைச் சோதனைக்குரியவராக நடத்துவதை விட்டு, காவலில் பங்காளியாக நடத்தும் ரோந்துமுறை வேண்டும். 45 கடல் மைல் வேகம் ஒரு படகை அவர் அருகே கொண்டுபோய் நிறுத்தும். அங்கே அவர் நம்பிப் பேசினால்தான் கரை பாதுகாப்பாக இருக்கும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதே இன்றைய ரோந்துப் படகின் முதல் கடமை.